யாரைப் பார்த்து நடப்பது?

அன்பு மகளே,

திடப்படுத்தல் வகுப்பு முடிந்ததும் நீ எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. கையில் திருமறை இருக்கிறது. அதற்குள் இயேசுவின் வாழ்க்கை இருக்கிறது. அப்படியிருக்க மனிதரைப் பார்த்து நடப்பானேன், அது மனிதரைத் தெய்வமாக்குவதில் போய் முடியாதா என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லி ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவாசம் என்ன சொல்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். அந்த விசுவாசத்தோடு நடப்பது எப்படி என்பதை, நடந்தவர்களைப் பார்த்துத்தான் கற்கிறோம். ஆனால் அவர்களிடம் எதைப் பார்ப்பது என்பதில்தான் பலரும் வழி தவறிப்போகிறோம். ஒருவர் தனக்குரிய உரிமையைப் பிறருக்காக எங்கே விட்டுக்கொடுத்தார் என்று பார்க்கவேண்டும். பின்பற்றவேண்டிய இடம் அதுதான்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது தன்னைப் பார்த்து நடக்கச் சொல்கிறார், தான் கிறிஸ்துவைப் பார்த்து நடக்கும் அளவுக்கு என்ற வரம்போடு. அந்த வாக்கியம் எந்த இடத்தில் வருகிறது என்று கவனி. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா கூடாதா என்று சபையில் எழுந்த வழக்கை மூன்று அதிகாரங்களில் ஆராய்ந்துவிட்டு, அதன் முடிவில் இதைச் சொல்கிறார். இடையில் தன் நடத்தையையே சான்றாக எடுத்துவைக்கிறார். உண்ண உரிமை உண்டு; ஆனால் அதனால் பலவீனமான ஒரு சகோதரன் இடறுவான் என்றால் உண்பதில்லை. ஊழியத்துக்காகச் சபையிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமையும் உண்டு, அதையும் பெறவில்லை. தெசலோனிக்கே சபைக்கு எழுதும்போதும் இதே பேச்சுத்தான்: இரவும் பகலும் கையால் உழைத்துச் சாப்பிட்டது, உரிமை இல்லாததால் அல்ல, நீங்கள் பார்த்துப் பின்பற்ற ஒரு மாதிரி வேண்டும் என்பதால் என்கிறார். கொரிந்துக்குக் கடிதம் மட்டும் போதாது என்று தீமோத்தேயுவையும் அனுப்பினார். தான் நடந்த வழிகளை அவர் நினைவூட்டுவார் என்று காரணமும் எழுதினார். அந்தத் துறைமுக நகரத்து மக்கள் முதல் தலைமுறை விசுவாசிகள். ஒரு கிறிஸ்தவன் பந்தியில் எப்படி உட்காருவான், வழக்கை எப்படித் தீர்ப்பான், அடிமையை எப்படி நடத்துவான் என்று அவர்கள் முன்பு கண்டதில்லை. எழுத்தைப் படிக்கக் கேட்டவர்களுக்கு ஒரு ஆளும் தேவைப்பட்டார்.

அவர்கள் கையில் நான்கு சுவிசேஷங்கள் இல்லை, நமக்கு இருக்கின்றனவே என்று நீ சொல்லலாம். அதற்குப் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் பதில் சொல்கிறது. கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கினார் என்று திருமறையிலேயே மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்றை அங்கே எழுதுகிறார் பவுல். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தில் தீமோத்தேயுவையும் எப்பாப்பிரோதீத்துவையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். ஒருவர் தன் காரியத்தைத் தேடாமல் பிறர் காரியத்தை உண்மையாய் விசாரிப்பவர். மற்றவர் ஊழியத்தில் உயிர்போகும் நிலைக்கு நோயுற்றவர், சபையார் நன்கு அறிந்த அவர்கள் ஊர்க்காரர். கிறிஸ்துவின் மாதிரிக்கு இவர்கள் போட்டி அல்ல. அந்த மாதிரி ஒரு சாதாரண மனிதனின் உடம்பில், இன்ன ஊரில், இன்ன வேலையில் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சிகள். கிறிஸ்து ஒருவரே போதும் என்பது மெய்தான். அந்தப் போதுமானவரை மனிதர் வழியாகவும் காட்டுவது அவர் தெரிந்தெடுத்த முறை.

நம் பக்கத்து ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்த பால் பிராண்டை நீ கேள்விப்பட்டிருப்பாய். அவர் ஒருநாள் வார்டில் இளம் மருத்துவர் ஒருவர் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பரிசோதிப்பதைக் கவனித்தார். அந்த இளைஞரின் முகத்தில் கனிவும் கவனமும் கலந்த ஒரு பாவனை. அது லண்டனில் தனக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்த பேராசிரியர் பில்ச்சரின் முகமேதான் என்று பிராண்டுக்குத் தோன்றியது. பில்ச்சரை எங்கே கண்டீர்கள் என்று கேட்டார். அப்படி ஒருவரை நாங்கள் பார்த்ததே இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இதைக் கற்றோம் என்று பதில் வந்தது. நோயாளியிடம் அன்பாயிருக்கவேண்டும் என்று எந்த மருத்துவப் பாடநூலும் எழுதிவிடலாம். எந்த அளவு குனிவது, எப்படிப் பார்ப்பது, அச்சப்படுகிறவரின் உடலை எந்த மென்மையோடு தொடுவது என்பதை அது கற்றுத்தர முடியாது. பில்ச்சரின் அந்தப் பாவனையோ கடல் தாண்டி, அவரையே காணாத மாணவர்வரை வந்து சேர்ந்தது. பிராண்டு பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தைச் சபையைப் பற்றிய விளக்கமாகவே எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு முகத்தை உலகம் இன்று எங்கே பார்க்கும் என்றால், அவரைப் பார்த்தவர்களைப் பார்த்தவர்களிடம்தான்.

இனி எதைப் பின்பற்றுவது என்ற சிக்கலுக்கு வருகிறேன். ஸ்பானிய வீரர் இக்னேஷியஸ் லொயோலா 1521-இல் பாம்ப்லோனா போரில் கால் உடைந்து படுத்திருந்தபோது கிறிஸ்துவின் சரித்திரத்தையும் பரிசுத்தவான்களின் சரித்திரங்களையும் படித்தார். பிரான்சிஸ் செய்ததை நானும் செய்வேன், தொமினிக் செய்ததை நானும் செய்வேன் என்று எழுந்தார். ஆனால் அவர் முதலில் பிடித்துக்கொண்டது அவர்களுடைய கடுந்தவங்களை. மன்ரேசாவில் முடியும் நகமும் வெட்டாமல், உடல் கெடும்வரை உபவாசமிருந்தார். போர்க்களத்தில் புகழ் தேடிய அதே மனம் இப்போது தவத்திலும் முந்திக்கொள்ளப் பார்த்தது. பிறருடைய ஆத்துமாவுக்கு உதவுவதே தன் அழைப்பு என்று தெளிந்தபோது அந்த மிகைகளை விட்டார். முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார். அந்தத் தெளிவுதான் அவரைப் பிரான்சிஸுக்கு உண்மையில் பக்கத்தில் கொண்டுபோனது. பார்த்துச் செய்வதில் உள்ள அபாயம் இது: பெரியவர்களின் வெளிவேடத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பிரசங்கியாரின் குரலையும் கையசைவையும் சொல்லாட்சியையும் அப்படியே செய்துகாட்டும் இளைஞரை எந்தச் சபையிலும் காணலாம். அந்தப் பிரசங்கியார் அதிகாலையில் எழுந்து யாருக்காக மன்றாடுகிறார், யாருடைய கடனைச் சத்தமில்லாமல் அடைத்தார் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

பிறரைப் பார்த்து நடந்தால் என் தனித்தன்மை போய்விடாதா என்ற ஐயமும் உன் வயதில் இயல்பு. மறுபடியும் பிராண்டைப் பார். அவர் தந்தை ஜெஸ்ஸி பிராண்டு கொல்லிமலையில் வீடும் பள்ளியும் கட்டியவர், கற்ற கொஞ்ச மருத்துவத்தைக்கொண்டு நோய் தீர்த்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போன மகன் தந்தையை மறுபடி காணவில்லை. 1929-இல் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். மகன் தந்தையைப்போலக் கட்டடத் தொழில்தான் கற்றார். மருத்துவத்தில் அவருக்கு அருவருப்பு இருந்தது. பின்னரே மருத்துவத்துக்குத் திரும்பினார். 1946-இல் வேலூருக்கு வந்து, உலகம் தொட அஞ்சிய கைகளைத் தன் படிப்புக்குரிய களமாக எடுத்துக்கொண்டார். தச்சு வேலையில் பழகிய கை, குணமான தொழுநோயாளிகளுக்குப் பிழைப்புக்கு ஒரு தொழில் கற்றுத்தர உதவியது. தந்தையின் வேலையை அவர் அப்படியே நகல் எடுக்கவில்லை. தந்தை யாருக்காகத் தன்னைக் கொடுத்தாரோ அந்த மனிதர்களைத் தானும் தேடிப்போனார். அதே வேலூரை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் கதை இதற்கு இன்னொரு பக்கம். தாத்தா, தந்தை என்று மருத்துவ ஊழியர் குடும்பம். ஆனாலும் இந்தியாவில் ஊழியம் தனக்கு வேண்டாம் என்றே இருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவியரைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டதும், ஆண் மருத்துவரை அனுமதிக்காததால் அந்த மூன்று பெண்களும் இறந்ததும்தான் அவரைத் திருப்பின. கண்முன் எத்தனை மாதிரிகள் இருந்தாலும் உன் சம்மதம் உன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும். அதை யாரும் உனக்குப் பரம்பரைச் சொத்தாகத் தரமுடியாது.

விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் போதிக்கிறார்களே என்ற கோபம் உனக்கு வந்தால், அது நியாயமான கோபம். அதை நான் மறுக்கப்போவதில்லை. பவுல் விட்டது தன் கையிலிருந்த உரிமையை, தன் மனதால். பிறன் உரிமையைப் பறித்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை. இதே பவுலைப் பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, தான் ரோமக் குடிமகன் என்று எடுத்துச் சொல்லி அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப்போகவேண்டும் என்று நின்றார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவிடமும் இந்த இரண்டையும் சேர்த்துக் காணலாம். ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பதவியை விட்டு, 1909-இல் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போய், அங்குள்ள எளிய மக்கள் நடுவே வாழ்ந்தார். மறு ஆண்டு எடின்பரோ மாநாட்டில் மேலை மிஷனரிகளின் தியாகங்களை நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்குச் சமமான நட்பைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். தன் மூத்தவர்களிடம் கற்றார். அவர்களிடம் குறைந்ததை மறைக்கவுமில்லை. 1939-இல் பிரதிஷ்டையான அவருடைய தோர்ணக்கல் பேராலயம் ஆங்கிலேயர் ஆலயத்தின் படி அல்ல, இந்த மண்ணின் கட்டடக்கலையில் எழுந்தது.

நாம் பார்த்து நடப்பவர் விழுந்துவிட்டால்? இதுதான் உன் கேள்வியிலேயே கனமான பகுதி. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாகூட விலகினார். நல்லதைப் போலவே கெட்டதும் பார்த்துத்தான் பரவும். நம் சபைகளின் வரலாறும் இங்கே நெஞ்சைச் சுடுகிறது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகினார்கள். பழைய மிஷனரிமார் இதைப் பொறுத்திருந்தார்களே என்பது அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. தரங்கம்பாடி, தஞ்சை முன்னோடிகள் செய்த பெரும் பணியை விட்டுவிட்டு, அவர்கள் துணியாமல் விட்ட ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ஆகையால்தான் பவுல் அந்த வரம்பை வைத்தார். எந்தப் பெரியவரானாலும் கிறிஸ்துவோடு ஒத்துப்பார். ஒவ்வாத இடத்தில் அவரை மதித்துக்கொண்டே விலகு. அந்தியோகியாவில் பேதுருவுக்கு எதிராக எழுந்த பவுல், பேதுருவைத் தூணென்று எண்ணுவதை நிறுத்திவிடவில்லை. எபிரெயருக்கு எழுதிய நிருபம் தலைவர்களின் வாழ்வு எப்படி முடிந்தது என்று சிந்திக்கச் சொல்வதும் இதனால்தான். மேடையிலும் யூடியூபிலும் ஒருமணி நேரம் மட்டும் தெரியும் ஒருவரை, அவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், உன் மாதிரியாக வைக்காதே. அவர் கோபப்படும்போது எப்படி இருக்கிறார், வேலைக்காரருக்குக் கூலி எப்படிக் கொடுக்கிறார் என்று உனக்குத் தெரியாது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். வீட்டில் தினமும் கண்டவர்கள் அவர்கள்.

இப்படிப் பார்த்துச் செய்து நற்கிரியையால் மீட்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறோமா என்று சிலர் அஞ்சுவார்கள். பிள்ளை ஆன பின்தான் தகப்பனைப்போல் நடக்கக் கற்கிறது. நடந்து காட்டிப் பிள்ளை ஆவதில்லை. இதற்குமேல் அதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

நீ செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஜெஸ்ஸி பிராண்டின் மனைவி ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தாயகம் திரும்பாமல் மலைக்கே போய், மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ச் சுற்றி, 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களோடு வாழ்ந்தார். முதலில் அவர் வாழ்க்கையைப் படி. ஓய்வெடுக்கும் உரிமையை அவர் என்ன செய்தார் என்று பார். பிறகு உன் சபையில் வயதான ஒருவரைத் தேடிப்போ. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்குப் போய், அவர் என்னென்ன விட்டார், யாருக்காக விட்டார் என்று கேள். ஓய்வுநாள் பள்ளியில் உன் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்காதே. தீமோத்தேயு இளைஞராக இருந்தபோதே மாதிரியாக இருக்கும்படி பவுல் எழுதினார். லெந்து நாட்கள் முடிவதற்குள் யாரைத் தேடிப்போனாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா