கர்ப்பிணியின் இதயத்தைக் கேட்கும் முறை

இலங்கையில் தாய்மார் மரணத்துக்கான முன்னணிக் காரணங்களில் இதய நோயும் ஒன்று. கர்ப்பத்தில் இரத்த அளவு கூடும்போதுதான், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய வால்வு பலருக்கு முதன்முதலாகத் தொல்லை தரும். ஆகவே முதல் கிளினிக்கிலேயே இதயத்தை ஒழுங்காகக் கேட்டுவிட வேண்டும்.

கேட்பதற்கு அமைதி வேண்டும். கிளினிக் கொழும்பு வெள்ளவத்தையின் கடற்பக்க ஒழுங்கையிலென்றால் ரயில் போகும்வரை பொறுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகள். கதவைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். சட்டைக்கு மேலால் கேட்டால் துணி உரசுவதும் இதய முணுமுணுப்புப் போலக் கேட்கும். அனுமதி கேட்டு, மறைப்புக் கொடுத்து, ஸ்டெதஸ்கோப்பைக் கையால் சூடாக்கி வெறும் தோலில் வையுங்கள். 1816இல் பாரிஸ் மருத்துவர் லெனெக், ஸ்டெதஸ்கோப்பின் முதல் வடிவமாகக் கடதாசியைச் சுருட்டியதே, ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயங்கித்தான்.

இனி, நான்கு வால்வுகளையும் கேட்கும் இடங்கள். தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இரண்டாவது விலா. அதற்குக் கீழே இரண்டாவது விலா இடைவெளி. வலப்பக்கம் அயோர்ட்டிக் இடம், இடப்பக்கம் பல்மனரி இடம். மார்பெலும்பின் இடது ஓரமாக நான்காவது இடைவெளிக்கு இறங்கினால் ட்ரைகஸ்பிட். மைட்ரல், இடது காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே ஐந்தாவது இடைவெளியில். கர்ப்பம் முற்றும்போது இது சற்று மேலே, இடப்புறமாக நகரும்.

பயிலுநர்கள் அதிகம் தவறவிடுவது இனிமேல்தான். ஒரு பக்கக் கழுத்து நாடியில் மட்டும் விரலை மெதுவாக வையுங்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து வருவது முதல் ஒலி, 'லப்'. அடுத்தது 'டப்'. நாடியைத் தொடாமல், வேகமாக ஓடும் இதயத்தில் எது லப், எது டப் என்று ஊகிப்பது ஆபத்து; முணுமுணுப்பின் பொருளே அது வரும் நேரத்தில் தங்கியிருக்கிறது.

லப்புக்கும் டப்புக்கும் இடையே வரும் மென்மையான முணுமுணுப்புக் கர்ப்பிணிகளில் சாதாரணம். அது உரத்துக் கேட்டாலோ, அக்குளுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ சாதாரணமல்ல. டப்புக்குப் பிறகு, அடுத்த லப்புக்கு முன் கேட்கும் முணுமுணுப்பு எதுவானாலும் எக்கோ பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

சுருங்கிய மைட்ரல் வால்வின் உறுமல் தாழ்ந்த ஒலி. "அம்மா, இடப்பக்கம் திரும்பிப் படுங்கோ, மூச்சை விட்டுப்போட்டுக் கொஞ்சம் பிடிச்சிருங்கோ" என்று சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப் பக்கத்தை மைட்ரல் இடத்தில் லேசாக வையுங்கள். அழுத்தினால் அந்த ஒலி மறைந்துவிடும். லப் வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டினால், உறுமல் கேட்காவிட்டாலும் சந்தேகப்படுங்கள். படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலுக்காக மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டதுண்டா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், காதுக்கு ஒன்றும் எட்டாவிட்டாலும் அன்றைக்கே கடிதம் எழுதி இதய கிளினிக்குக்கு அனுப்புங்கள்.