வாய் பேசாத பார்மசிஸ்ட்

அன்புள்ள செல்விக்கு,

தட்டாஞ்சாவடியில் ஒரு மெடிக்கலில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், உன் அம்மா போனில் சொன்னாள். "வாயே திறக்காதவ அங்க எப்படிண்ணே குப்பை கொட்டுவா?" என்று ஒரே புலம்பல்.

வாய் திறந்தால்தான் வேலை நடக்கும் என்றில்லை. 1991-இல் பேரிக், மவுன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எந்தக் குணம் வேலைக்கு உதவும் என்று அதுவரை வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கலகலப்பான குணம் மேனேஜர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் உதவியது. எல்லா வேலைக்கும் உதவியது பொறுப்புணர்வுதான். அதுவும் ஓரளவுக்குத்தான்; குணத்தை மட்டும் வைத்து யாரையும் எடைபோட முடியாது.

மருந்துக்கடையில் அந்தப் பொறுப்புணர்வு எப்படி இருக்கும் தெரியுமா? மூட்டுவாதக்காரர்களின் சீட்டில் ஃபோலிட்ராக்ஸும் ஃபோல்விட்டும் சேர்ந்தே வரும். முதலாவது மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே நாள் போட வேண்டியது. மற்றது வெறும் ஃபோலிக் ஆசிட். மாற்றி எடுத்து, முதலாவதைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை விட்டுக் கூட்டம் மொய்க்கிற நேரத்திலும் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பெயரைப் படிக்கணும். எந்தக் கிழமை என்று கேட்டுக் கவரில் பெரிதாக எழுதணும். இதற்கு வாயாடி தேவையில்லை. ஆனால் சீட்டு புரியாவிட்டால் டாக்டருக்கு போன் போட்டே ஆகணும். அங்கே மட்டும் உன் கூச்சம் செல்லாது.

எனக்குக் கவலை வேறு. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது உனக்கு. "நாலு ஆன்டிபயாட்டிக் குடும்மா, சீட்டு நாளைக்குத் தரேன்" என்பார் ஒருவர், அதுவும் தெரிந்தவராகவே இருப்பார். நல்ல பெண் என்று பேர் வாங்கப் பார்த்தால் அங்கேதான் சறுக்கும். 2014 மார்ச் முதல், சில ஆன்டிபயாட்டிக்குகளும் அடங்கிய ஹெச்-1 பட்டியல் மருந்துகளுக்குத் தனி ரிஜிஸ்டர் உண்டு: டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கணும். மறுக்கக் கூச்சமாக இருந்தால் அந்த நோட்டைக் காட்டு, பழி சட்டத்தின் மேல் போகட்டும்!

சேருவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒன்றைக் கேட்டுவிடு: சீட்டுக்கு மருந்து கொடுக்கப் போவது நீயா, கடைப்பையனா? 1948 பார்மசி சட்டப்படி அது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை. சர்டிஃபிகேட்டை மட்டும் மாட்டிவிட்டு வீட்டில் இரு, மாதாமாதம் பணம் வரும் என்றால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கமே எத்தனை கடை இருக்கிறது!

அன்புடன்,
மாமா