முதியோர் இல்லத்தில் மாலை நான்கு மணி

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால் மருந்து நேரம், சாப்பாட்டு நேரம், குளிப்பாட்டும் முறை எல்லாம் சொல்லித் தருவார்கள். மாலை நான்கு மணிக்கு என்ன செய்வதென்று மட்டும் யாரும் சொல்வதில்லை. டிவியைப் போட்டுவிடுகிறோம். இல்லையென்றால் பிறந்தநாள் கொண்டாட யாராவது வந்து கேக் வெட்டுவார்கள், பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவார்கள். பதிவேட்டில் இதைப் பொழுதுபோக்கு என்று எழுதாதீர்கள்.

முதலில் கேளுங்கள். புதுச்சேரியில் ஒரே கூடத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாவும், ரோடியர் மில்லில் ஷிப்டு பார்த்தவரும், வைத்திக்குப்பத்தில் மீன் விற்றவரும் இருக்கலாம். என்ன வேலை பார்த்தார், எதை ஆசையாகச் செய்தார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று ஒரு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஆயுசு முழுக்க டீச்சரம்மாவாக இருந்தவருக்குப் 'பாட்டி' பிடிக்காமல் போகலாம்.

இந்த ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நல்ல விளையாட்டு ஒன்று இருக்கிறது: பெத்தாங்க். சின்ன மரப்பந்துக்குப் பக்கத்தில் விழும்படி இரும்புக் குண்டை எறிய வேண்டும். ஓட்டமில்லை, குதிப்பில்லை. போட்டிக் குண்டு 650 கிராமுக்குக் குறையாது. இல்லத்துக்கு மணல் அடைத்த துணிப்பந்து போதும். போட்டியின் குறைந்தபட்ச 6 மீட்டர் தூரத்தை 2 மீட்டராக்கி, நாற்காலியில் உட்கார்ந்தே எறியட்டும். எறிய முடியாதவர் கையில் தூரம் அளக்க நூலைக் கொடுத்து நடுவராக்குங்கள். யார் பந்து நெருக்கம் என்று சண்டை வரும். உடனே சமாதானம் செய்யப் போகாதீர்கள். விளையாட்டு சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

விளையாட்டு மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும். 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் தங்களுக்குப் பிடித்த செடியை எடுத்துத் தாங்களே தண்ணீர் ஊற்றினார்கள். இன்னொரு பிரிவுக்கு ஊழியர்களே எல்லாம் செய்தார்கள். முதல் பிரிவினர்தான் அதிக உற்சாகமாக இருந்தார்கள். வாசல் துளசித் தொட்டியை இன்றே ஒருவர் பொறுப்பில் விடுங்கள். அவர் மறந்த நாளில் நீங்கள் ஊற்றிவிடாமல், நினைவுபடுத்துங்கள்.

நினைவு மங்கியவர்களிடம் 'இவர் யார் தெரியுதா?' என்று பரீட்சை வைப்பது கொடுமை. பிரிட்டனில் உருவாகி, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு தமிழர்களுக்கேற்ப மாற்றிய அறிவுத் தூண்டல் பயிற்சி, ஞாபகத்தை விட்டுவிட்டு அபிப்பிராயத்தைக் கேட்கிறது. 'குழம்புக்கு வஞ்சிரம் நல்லதா, சங்கரா நல்லதா?' என்று கேட்டுப் பாருங்கள். தப்பான பதிலே கிடையாது.

வெளியே கூட்டிப் போவதென்றால், கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் ஓடாது. சக்கர நாற்காலிக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. கிளம்புமுன் கழிப்பறை, மாத்திரை, தண்ணீர் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

வர மாட்டேன் என்பவரை இழுக்க வேண்டாம். ஆனால் ஏன் வரவில்லை என்று விசாரித்து எழுதி வையுங்கள். காது கேட்காததாக இருக்கலாம், செருப்பு வழுக்குவதாக இருக்கலாம். அடுத்த வாரத் திட்டத்தை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.