கோழி அடைந்ததா? கோழியை அடைத்தாயா?

வட மாநிலங்களில் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் வசிக்கும் நம்மவர் சிலர் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பதுண்டு. அவர்களுக்கும், வீட்டில் தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இந்தப் பாடம்.

அந்தியில் கோழி தானாக வந்து ஒடுங்கினால் 'கோழி அடைந்தது' என்கிறோம். இது தன்வினை. நாம் கதவைச் சாத்தித் தாழிட்டால் 'கோழியை அடைத்தேன்'. இது பிறவினை. முதல் வேலை கோழியுடையது, அடுத்தது நம்முடையது. இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் பூனையும் மரநாயும் நரியும் புகுந்துவிடுகின்றன.

கோழி கடிகாரம் பார்த்து அடைவதில்லை, வெளிச்சம் பார்த்து அடைகிறது. சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான். ஆகவே 'விளக்கு வைக்கும் நேரம்' என்று ஊரில் சொன்னால் போதும். டில்லியிலோ ஜூன் கடைசியில் 7.20, டிசம்பர் தொடக்கத்தில் 5.25. கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம்! கோடையில் பழகிய நேரத்திலேயே குளிர்காலத்திலும் கூட்டை மூடப் போனால், இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அலுவலகம் போகிறவரை நம்பாமல், பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பது நல்லது.

கோழியின் மூதாதை காட்டுக்கோழி. அது இரவில் மரக்கிளையில் தங்கும். அந்தக் குணம் போகாததால்தான் நம் கோழியும் முருங்கை மரத்தைத் தேடுகிறது. கூட்டுக்குள் இரண்டு அடி உயரத்தில், இரண்டு அங்குல அகலமுள்ள, முனை மழுக்கிய கம்பு ஒன்று வையுங்கள். கோழி ஒன்றுக்கு எட்டு அங்குல இடம் வேண்டும். முட்டையிடும் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதிலேயே தூங்கி அசிங்கம் செய்துவிடும்.

புதுக் கோழியை ஒரு வாரம் கூட்டைவிட்டு வெளியே விடாதீர்கள். அதுதான் தன் வீடு என்று அதற்குப் பதியவேண்டும். பிறகு மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டுமே 'பா... பா...' என்று கூப்பிட்டுப் போடுங்கள். மரத்தில் ஏறிவிட்டால் துரத்தாதீர்கள், இன்னும் உயரே போகும். நன்றாக இருட்டட்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மெல்ல எடுத்துக் கம்பில் உட்கார வைத்தால் அப்படியே இருக்கும். சில நாள் விடாமல் செய்தால் வழிக்கு வந்துவிடும்.

ஊரில் பஞ்சாரம் கவிழ்ப்போம், கொங்குப் பக்கம் கொடாப்பு என்பார்கள். பகலில் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்க அது போதும். இரவில் தெருநாய் புரட்டிவிடும். கடையில் 'கோழி வலை' என்று விற்கும் மெல்லிய வலையும் நாய்ப் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைக்கவேண்டாம். மேலே காற்றுப் போக வழியில்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொண்டு கோழி நோயில் விழும். தாழிடுமுன் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், எங்காவது புதரில் அடைகாத்துக்கொண்டிருக்கக்கூடும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: நனைந்தது – நனைத்தேன், உடைந்தது – உடைத்தேன், கலைந்தது – கலைத்தேன், மறைந்தது – மறைத்தேன். இந்த எட்டுச் சொற்களையும் வைத்து, கோழி, முட்டை, கூடு பற்றி எட்டு வாக்கியங்கள் எழுதுக.