இரத்தத் துளியில் ஒரு மின்மினி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

சென்ற ஆண்டு முழுவதும் என் தாயார் சோர்ந்தே காணப்பட்டார். கம்பைநல்லூரில் எங்கள் கடலைக் கொல்லையில் களையெடுக்கும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். முகம் உப்பியது, முடி உதிர்ந்தது. "வயசாகுதில்ல" என்றனர் ஊரார். அம்மாவும் அதையே நம்பினார். பிறகு தருமபுரியில் இரத்தப் பரிசோதனை செய்தோம். டி.எஸ்.எச். 38 என்று வந்தது. இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரைதான்.

எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. எண்ணுக்குக் கீழே, 'முறை: ஈ.சி.எல்.ஐ.ஏ.' என்றிருந்தது. எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். "நீ படிக்கும் அணைவுச் சேர்மம்தான் அங்கே விளக்கேற்றுகிறது" என்றார். அந்த விளக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒளிரும் அணைவு

அணைவுச் சேர்மத்தின் நடுவே ஓர் உலோக அயனி இருக்கும். அதைச் சுற்றி எலெக்ட்ரான் இணைகளை ஈந்து பிணைந்த ஈனிகள் இருக்கும் என்பதை நாம் அறிவோம். 1844-இல் கார்ல் கிளாஸ் கண்டறிந்த ருத்தேனியம், மூன்று பைபிரிடின் ஈனிகளுடன் சேர்ந்து ஓர் அணைவைத் தருகிறது. நீல ஒளியை உறிஞ்சும்போது உலோகத்தின் எலெக்ட்ரான் ஈனிக்குத் தாவுகிறது. அது மீளும்போது சுமார் 620 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி வெளிப்படுகிறது. மின்சாரத்தாலும் இதை ஒளிரச் செய்யலாம் என்று 1972-இல் டோக்கல், பார்டு ஆகியோர் காட்டினர்.

பரிசோதனை நடக்கும் விதம்

தைராய்டு தளர்ந்தால், அதை முடுக்கிவிடப் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சை மிகுதியாகச் சுரக்கும். அதைப் பிடிக்க இரண்டு எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். ஒன்றில் பயோட்டின் என்னும் வைட்டமினும், மற்றதில் ருத்தேனிய அணைவும் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் டி.எஸ்.எச். மூலக்கூற்றை இருபுறமும் பற்றிக்கொள்ளும். பயோட்டின் உள்ள பக்கம், ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதம் பூசிய நுண்ணிய காந்த மணிகளில் ஒட்டும். காந்தம் அம்மணிகளை மின்வாயில் இழுத்து நிறுத்த, ஒட்டாதவை கழுவி நீக்கப்படும். பின்னர் டிரைபுரோப்பைல் அமீன் கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால் ருத்தேனியம் ஒளிரும். டி.எஸ்.எச். மிகுந்தால் ஒளியும் மிகும்.

வெளியிலிருந்து விளக்கொளி பாய்ச்சினால் இரத்தத்திலுள்ள வேறு பொருள்களும் மினுங்கும். இங்கோ விளக்கே இல்லை. பகலில் தெரியாத மின்மினி அமாவாசை இரவில் தெரிவதுபோல, மிகச் சிறிய ஒளியையும் கருவி கண்டுகொள்கிறது. மேலும், அமீன்தான் செலவாகிறது. ருத்தேனியம் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் மீண்டும் ஒளிர்கிறது.

ஓர் எச்சரிக்கை

முடி உதிர்வுக்கென்று பலர் பயோட்டின் மாத்திரை விழுங்குகிறார்கள். இரத்தத்தில் அது மிகுந்தால், காந்த மணிகளிலுள்ள இடங்களை அதுவே நிரப்பிவிடும். ருத்தேனியம் ஒட்ட வழியின்றிக் கழுவப்பட்டுவிடும். ஒளி குறையும்; டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். இத்தகைய பரிசோதனைகள் குறித்து 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. என் தாயாருக்கும் ஒருவர் அம்மாத்திரையைச் சொல்லியிருந்தார். வாங்காமல் இருந்தது எங்கள் நல்ல காலம். ஆகவே நண்பர்களே, பரிசோதனைக்கு முன் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

பிற பயன்கள்

ஈனியை மாற்றினால் வேலையும் மாறும். 1990-இல் ஜாக்குலின் பார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த ஒரு ருத்தேனிய அணைவு நீரில் ஒளிர்வதில்லை, டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்ததும் ஒளிர்கிறது. நம் மாநிலத்திலும் இத்துறைக்கு வேர் உண்டு. உலோக அணைவுகளின் ஒளி வேதியியலை ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. நடராசன் 1984-இல் பட்நாகர் விருது பெற்றார்.

முடிவுரை

இன்று அம்மா காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை உட்கொள்கிறார். கடலைக் கொல்லையில் வரிசையை முடித்துவிட்டே எழுகிறார். இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது, "ஏங்கண்ணு, அந்த வெளிச்சத்த நீ பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம் ஆய்வகத்தில் அக்கருவி இல்லை. ஆனால் அந்த ஒளி எதனால் வருகிறது என்பதைக் கற்றுத்தரும் பாடம் நம் வகுப்பறையில் இருக்கிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் நான் படித்த பாடம் அது. இனி அப்படிப் படிக்க மாட்டேன்.