எது எந்த ஊர்?

(இந்த இதழில் உளுந்தூர்பேட்டை, சின்னசேலம், கல்வராயன் மலை வட்டாரப் பயிர்கள்)

கேள்வி: ஊர்ப் பெயரிலேயே உளுந்தை வைத்திருக்கிறோம். உளுந்து நம்ம நாட்டுப் பயிர்தானா? அதுவும் எங்கிருந்தாவது வந்ததா? (உளுந்தூர்பேட்டை)

பதில்: சந்தேகமே வேண்டாம், நம் நாட்டுப் பயிர்தான். அதன் காட்டு உறவு இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் மத்திய இந்தியாவிலும் தானாக முளைத்துக் கிடக்கிறது. காட்டு உளுந்தின் நெற்று காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். வெடிக்காமல் செடியிலேயே நின்ற நெற்றைத்தான் மனிதக் கை பறித்தது, மறுபடி அதையே விதைத்தது. இது சுமார் நாலாயிரம் ஆண்டுப் பழக்கம்.

பிறந்த இடத்தின் வானிலை அதன் குணத்தில் அப்படியே இருக்கிறது. சில மாதம் மழை, பிறகு நீண்ட வறட்சி; மண் காய்வதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து முடிக்க வேண்டும். அதனால்தான் 65 முதல் 75 நாளில் வேலையை முடித்துக்கொள்கிறது. 25 முதல் 35 டிகிரி வெயில் அதற்கு இதம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். நெற்று முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் செடியிலேயே முளைவிட்டுவிடும்.

இந்தக் குணத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது நெல் தரிசு உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற கதிருக்கு நடுவிலேயே விதையை வீசிவிடுவார்கள். நெல் அறுக்கும்போது காலடியில் உளுந்து முளைத்திருக்கும். அதன்பின் உழவு கிடையாது, பாசனம் கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரமும் தை மாதப் பனியும் போதும். இதற்கு இப்போது வந்திருக்கும் சங்கடம் அறுவடை இயந்திரம்தான். ஆள் கால் பட்டால் நிமிர்ந்துவிடும் முளை, இயந்திரத்தின் சக்கரத்தடியில் நசுங்கிப் போகிறது.

கேள்வி: மல்லாட்டை வெளிநாட்டுச் சரக்கு என்கிறான் என் பேரன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து போடுகிறோமே! (எலவனாசூர்க்கோட்டை)

பதில்: பேரன் சொல்வது சரி. தாத்தா போட்டதும் சரி. மல்லாட்டையின், அதாவது நிலக்கடலையின், பூர்வீகம் தென் அமெரிக்காவில், தெற்கு பொலிவியாவும் வடக்கு அர்ஜென்டினாவும் சேரும் மலையடிவாரம். ஐரோப்பியர் கப்பல்கள் உலகெங்கும் கொண்டுபோயின. நம் பக்கத்தில் அது பெரும் பணப்பயிராக எழுந்தது 19ஆம் நூற்றாண்டில். அன்றைய தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போய், எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்களின் டி.எம்.வி., வி.ஆர்.ஐ. ரகங்கள் பிறகு வந்த கதை.

இந்த மண்ணை அது விரும்பியதற்குக் காரணம், அது காய்க்கிற விதம். மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. கரு கூடிய பிறகு பூவின் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி நீண்டு, மண்ணைத் துளைத்து உள்ளே போய், இருட்டில் காயாகிறது. மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது. இறங்கினாலும் பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கிவிடும். பொலபொலப்பான செம்மண்ணும் மணற்பாங்கும்தான் அதற்கு வாகு. இன்னொன்று, காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாகப் போய்ச் சேருவதில்லை. காயின் தோலே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நாற்பது நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். அதைத் தவறவிட்டால் பொக்குக் காய்தான் மிஞ்சும்.

கேள்வி: சென்னையிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் உளுந்தூர்பேட்டையில் இறங்கி இட்லி சாப்பிடுவேன். அந்தத் தட்டில் எவ்வளவு நம்முடையது? (திருச்சி)

பதில்: உளுந்து நம்முடையது. அரிசிக்கு இரண்டு பிறப்பிடம் சொல்லலாம்: சீனத்து யாங்சி ஆற்றங்கரை ஒன்று, நம் கங்கைச் சமவெளி மற்றொன்று. நம் நெல் இந்த இரண்டு வழியின் கலப்பு. தமிழகத்தில் பழனிக்குப் பக்கத்துப் பொருந்தல் அகழாய்வில் ஒரு பானை நிறைய நெல் கிடைத்தது. காலக்கணிப்பில் சுமார் கி.மு. 490 என்று வந்தது.

சாம்பாருக்கு வாருங்கள். துவரை இந்தியாவின் கிழக்குப் பகுதியில் பிறந்தது. மஞ்சளும் கத்தரிக்காயும் நம் பக்கம். புளி ஆப்பிரிக்கா. வெங்காயம் மத்திய ஆசியா. பெருங்காயம் இன்றைக்கும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்துதான் பெருமளவு வருகிறது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டம். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்குவதற்கு முன் இந்தத் தட்டில் காரம் என்றால் மிளகுதான்.

கேள்வி: எங்கள் மலையில் சாமை, கேழ்வரகு, தினை எல்லாம் உண்டு. 'பாரம்பரியச் சிறுதானியம்' என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறார்களே, எல்லாமே இங்கே பிறந்ததா? (வெள்ளிமலை)

பதில்: இல்லை. சாமை, வரகு, குதிரைவாலி மூன்றும் இந்தியாவில் பிறந்தவை. தினையும் பனிவரகும் வட சீனத்துக்காரர்கள். கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டுநிலத்துப் பிள்ளை. கம்பு சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பக்கம் பிறந்தது. சோளம் சூடானில்.

ஆப்பிரிக்கப் பயிர்கள் வந்து மூவாயிரம், நாலாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தும் அவை நிலைத்ததற்குக் காரணம், இங்கேயும் அதே வானம். ஆண்டில் சில மாதம் மட்டும் மழை, மழைக்காலத்திலும் வெக்கை, மழை நின்றதும் நீண்ட வறட்சி. கம்பு மிகக் குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும். கேழ்வரகு மேட்டுநிலத்துக்காரி என்பதால் கொஞ்சம் குளிர்ச்சியும் கூடுதல் மழையும் கேட்கும். அதனால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மேட்டில் அதற்கு அவ்வளவு செல்வாக்கு.

உங்கள் மலைக்கு வருவோம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே சங்கராபுரத்தில் மண் கொதிக்கும்போது உங்களுக்கு நாலைந்து டிகிரி சலுகை கிடைப்பது இந்தக் கணக்கில்தான். மேல்மண் கழுவிப் போன கல்சரிவில், மூன்று மாதத்துச் சொச்ச நாளில், உரம் கேட்காமல் ஒரு சோறு தருவதென்றால் அதற்குச் சாமைதான் லாயக்கு. உங்கள் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் அதை விடாமல் வைத்திருந்ததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. அந்தச் சரிவுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

கேள்வி: அதியமான் பரம்பரை கரும்பைக் கொண்டுவந்தது என்று படித்தேன். உண்மையா? (மூங்கில்துறைப்பட்டு)

பதில்: புறநானூற்றின் 99ஆம் பாட்டில், அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் இவ்வுலகுக்குக் கரும்பு கொண்டுவந்ததாக ஔவையார் சொல்கிறார். எங்கிருந்து, எப்படி என்பதைத் தாவரவியல்தான் சொல்ல வேண்டும். சாறு மிகுந்த தடித்த கரும்பு பசிபிக் தீவான நியூகினியில் பிறந்தது. ஆக, கரும்பு வெளியிலிருந்து வந்தது என்பதில் பாட்டும் அறிவியலும் ஒத்துப்போகின்றன.

அடுத்த திருப்பம் கோயம்புத்தூரில். அங்கே 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அந்தத் தடித்த கரும்பை நம் ஆற்றோரத்து நாணலோடு சேர்த்தார்கள். இனிப்பு அதிலிருந்து, முரட்டுத்தனம் இதிலிருந்து. 1918இல் 'கோ 205' வெளிவந்தது. வட இந்தியக் குளிரையும் தாங்கியது. இன்றைக்கு உங்கள் ஊர் ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் வண்டி ஏறுகிற கரும்பில் அந்த நாணல் ரத்தம் ஓடுகிறது.

கரும்புக்கு வளரும்போது வெயிலும் தண்ணீரும் வேண்டும். முற்றும்போது வறண்ட காற்றும் லேசான குளிரும் வேண்டும். மார்கழிப் பனியில் அதன் வளர்ச்சி மட்டுப்பட்டு, சர்க்கரை தண்டில் சேருகிறது. பொங்கல் கரும்பு இனிப்பதில் அந்தப் பனிக்கும் பங்கு உண்டு.

கேள்வி: நெல் விளைகிற நிலத்தில் கோதுமை விளையாதா? (சங்கராபுரம்)

பதில்: முளைக்கும். ஆனால் கட்டாது. கோதுமை மேற்கு ஆசியாவின் குளிர்காலப் பயிர். தூர் கட்டக் குளிர் வேண்டும், மணி பால் பிடிக்கும்போது மிதமான வெயில் வேண்டும். நம் மார்கழி, தை அதற்கு அரைகுறைக் குளிர். மாசி பங்குனியில் மணி நிறைவதற்குள் வெயில் ஏறி, மணி சூம்பிப்போகும். தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற இடம் நீலகிரி; வெலிங்டனில் கோதுமைக்கென ஓர் ஆய்வு நிலையமே இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கக் குளிர்ச்சி என்பதால் கோதுமையின் துரு நோயும் ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கும். எந்த ரகம் நோயைத் தாங்கும் என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கேள்வி: பூர்வீகம் தெரிந்து விவசாயிக்கு என்ன பிரயோஜனம்? மரவள்ளிக்கு விலை வருமா? (சின்னசேலம்)

பதில்: விலை வராது. ஆனால் மரவள்ளியே மிஞ்சியிருப்பதற்குப் பூர்வீகம் தெரிந்ததும் ஒரு காரணம்.

மரவள்ளி பிரேசிலின் அமேசான் தென்விளிம்பில் பிறந்தது. மழை பொய்த்தால் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். அதனால் உங்கள் மானாவாரிக்கும் கல்வராயன் சரிவுக்கும் பொருந்தியது. 1880களில் திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் எழுந்தது. கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, ஈரமாவைத் துணித் தூளியில் இட்டுக் குலுக்கினால் மணி மணியாகத் திரளும். அதை வறுத்துக் காயவைத்ததுதான் பாயசத்தில் மிதப்பது.

ஊர் மாறிய பயிருக்கு ஒரு லாபம், எதிரிகளைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வருவது. நஷ்டம், அவை ஒருநாள் தேடி வருவது. மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து வந்து சில நூற்றாண்டுக்குப் பிறகு, 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் இறங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, அடுத்து நம் பக்கம் பரவியது. நுனி சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகிப் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவைப் பட்டினிக்குத் தள்ளப் பார்த்தது. அதன் இயற்கை எதிரி அது பிறந்த இடத்தில்தான் இருக்கும் என்று தென் அமெரிக்காவில் தேடினார்கள். 1981இல் பராகுவேயில் மாவுப்பூச்சியும், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒரு குட்டிக் குளவியும் கிடைத்தன. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் நாட்டு விஞ்ஞானிகள் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூருவில் பெருக்கி, 2022 மார்ச்சில் உங்களுக்குப் பக்கத்திலேயே, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். அடிப்பதற்கு முன் ஏத்தாப்பூரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.