தட்டுக்கும் கைக்கும் நடுவில்

அன்புள்ள கண்ணு,

கொப்புளம் வற்றிவிட்டது என்று அண்ணி போனில் சொன்னார்கள். இனி எப்போது சுட்டுக்கொண்டாலும் முதலில் குழாயைத் திறந்துவிட்டு, சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு. பற்பசை, இட்லி மாவு, இங்க் எதையும் தடவாதே. ஐஸ் கட்டியும் வேண்டாம். 20 நிமிஷம் நீளமாகத் தெரியும், ஆனால் தோலுக்குள் இறங்கிய சூடு வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும்.

"துண்டை நாலாக மடித்துத்தானே அத்தை பிடித்தேன், எப்படிச் சுட்டது?" என்று கேட்டிருக்கிறாய். துண்டு கொஞ்சம் ஈரமாக இருந்தது என்று நீயே அடுத்த வரியில் எழுதியும் இருக்கிறாய். பதில் அதில்தான் இருக்கிறது. பருத்தித் துணி சூட்டைத் தடுப்பது, நூலுக்கும் நூலுக்கும் நடுவில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றின் தயவால். காற்று சூட்டை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைப்போல 20 மடங்குக்கு மேல் கடத்தும். துணி நனைந்தால் காற்று நின்ற இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. 180 டிகிரியில் இருக்கும் கேக் தட்டை அந்தத் துணியால் தொட்டதும் தண்ணீர் ஆவியாகி நேராக விரலுக்கு வருகிறது. நாலு மடிப்பு இல்லை, எட்டு மடிப்பு இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஓவன் கையுறை தைப்பதில் நான் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். துணிக்குள் காற்று நிற்க வேண்டும், அது உலர்ந்த காற்றாக இருக்க வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டால் நான் எழுத மறந்ததையும் நீயே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவாய்.

நம் கரூரிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் சரக்கில் படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும் மட்டும் இல்லை. ஏப்ரன், சமையலறைத் துண்டு, சட்டி பிடிக்கும் சதுரத் துணி, ஓவன் கையுறை எல்லாம் இங்கே தைத்துப் போகின்றன. ஆனால் ஓவன் கையுறையைத் தைக்கும் பெண்கள் பலரின் வீட்டில் ஒரு ஜோடிகூட இருக்காது. காரணம் எளிது. நம் பாத்திரங்களுக்கு விளிம்பு உண்டு. இடுக்கியால் பிடித்தோ, கரித்துணியால் இரண்டு பக்கமும் பற்றியோ இறக்கிவிடலாம். பாத்திரம் அடுப்பின் மேல் திறந்த இடத்தில் இருக்கிறது, கை எதற்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. ஓவன் அப்படியா? சூடேறிய ஒரு பெட்டிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, விளிம்பில்லாத தட்டை வெளியே இழுக்கிறாய். உன் ஓவன் மாதிரிச் சின்னப் பெட்டிகளில் மேலே ஒரு கம்பி சிவந்து எரிகிறது. தட்டைத் தூக்கும்போது புறங்கை அந்தக் கம்பியில் படுவது சுலபம். விரலை மட்டும் காக்கும் துணி அங்கே போதாது. கை முழுவதும், முழங்கைக்குப் பாதி தூரம் வரை, மூடும் உறை வேண்டும்.

துணி வாங்கக் கடைக்குப் போகாதே. பழைய டர்க்கி டவல் ஒன்று வீட்டில் இருக்கும். நடுவில் வைப்பதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. அதன் மேல் எழுந்து நிற்கும் நூல் வளையங்கள்தான் காற்றுக்கு இடம் தருகின்றன. டவல் இன்னும் புசுபுசுவென்று இருந்தால் இரண்டு அடுக்கு வை. துவைத்துத் துவைத்து வளையங்கள் படுத்துவிட்டால் மூன்று வை. அதற்கு மேல் அடுக்காதே. தடிமன் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எல்லாருக்கும் தோன்றும், ஆனால் உறை மொத்தமானால் விரல் மடங்காது. பிடி நழுவி, ஒரு கிலோ கொதிக்கும் பலகாரம் காலில் விழும். சூட்டைத் தாங்குவதும் தட்டை இறுகப் பிடிப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

வெளித்துணிக்கு அப்பாவின் பழைய ஜீன்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கு. இழுத்தால் நீளும் ஜீன்ஸ் வேண்டாம், அதில் வேறு இழை கலந்திருக்கும். உள்துணிக்குப் பழைய வேட்டி. நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். புதுத்துணி சேர்ப்பதாக இருந்தால் வெட்டுவதற்கு முன் அலசிக் காயவை, கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும்.

துணி சுத்தப் பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் எரித்துப் பார்க்க வேண்டும். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். விரலகலத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் தீக்குச்சியைக் காட்டு. பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரியும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். பாலியெஸ்டர் தீயைக் கண்டதும் சுருளும், உருகிச் சொட்டும், ஆறியபின் கறுப்பாக, மணிபோலக் கெட்டியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் பாதி சாம்பல், பாதி கெட்டி முடிச்சு. கலப்புத்துணியையும் ஒதுக்கிவிடு. பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகும், நான் சொன்ன மேல்கம்பியின் சூடு அதைவிட மிக அதிகம். உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டால் நீ போன வாரம் பட்ட கொப்புளத்தோடு முடியாது. கடைகளில் மினுமினுப்பாகத் தொங்கும் மலிவுக் கையுறைகளை நான் வாங்கச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

இனி அளவு. செய்தித்தாளின் மேல் கையை வை. நாலு விரலும் சேர்ந்திருக்கட்டும், கட்டைவிரல் மட்டும் நன்றாக விலகட்டும். கையிலிருந்து ஒரு இஞ்ச் தள்ளிச் சுற்றிலும் கோடு போடு. இந்த ஒரு இஞ்சில் அரை இஞ்ச் தையலுக்குப் போய்விடும், மிச்சம் உள்ளே அடைத்த துணிக்கும் கை அசைவதற்கும். நடுவிரல் நுனிக்கு மேலே போட்ட கோட்டிலிருந்து கீழே 13 இஞ்ச் நீளம் வைத்தால் உன் கைக்குச் சரியாக வரும். வாயகலம் ஏழு, ஏழரை இஞ்ச். கட்டைவிரலும் உள்ளங்கையும் சேரும் கவட்டையில் கோட்டைக் கூர்மையாக இறக்காமல் வளைவாக இறக்கு. ஓவன் கையுறை கிழிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வரைந்ததை அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள், பல வருஷம் உதவும்.

உடனே வெட்ட ஆரம்பிக்காதே. முதலில் குயில்டிங், அதாவது அடுக்குகளைச் சேர்த்துக் கோடு கோடாகத் தைப்பது, பிறகுதான் அளவுக்கு வெட்டுவது. பெரிய கம்பெனிகளில் பல ஊசி வைத்த மிஷினில் துணி சுருளாக ஓடி, கோடு கோடாகத் தைத்து வெளியே வரும். அதற்குப் பிறகே கட்டிங் மேஜைக்குப் போகும். வீட்டிலும் அதே வரிசைதான். குயில்டிங் தைக்கும்போது துணி எல்லாப் பக்கமும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். முதலிலேயே அளவாக வெட்டிவிட்டால் தைத்து முடிக்கும்போது உறை கைக்குப் பற்றாது.

அட்டையைவிட இரண்டு இஞ்ச் பெரிதாக ஜீன்ஸையும் டவல் அடுக்குகளையும் கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பு. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் தடவிவிட்டு, நீள நீளமாகக் கைத்தையல் ஓட்டு. பிறகு சாக்பீஸால் குறுக்குமறுக்காகக் கோடு போடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒன்றரை இஞ்ச் இடைவெளி. இதை நெருக்கித் தைத்தால் அழகாக இருக்கும் என்று கை துடிக்கும், அதற்கு இடம் கொடுக்காதே. ஒவ்வொரு தையலும் அந்த இடத்தில் துணியை அமுக்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது. ஆகவே நெருங்கின தையல் உறையை மெலியவைக்கும். மூன்று இஞ்சுக்கு மேல் விட்டாலோ இரண்டு துவைப்பில் டவல் நகர்ந்து ஓரிடத்தில் குவியும்.

பாட்டியின் கால் மிஷின் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். மோட்டார் மிஷின் கனத்த துணியில் திடீரென்று பாயும், கால் மிஷினை நீ நினைத்த வேகத்தில் ஓட்டலாம். 18ஆம் நம்பர் ஊசி போடு. தையலை இஞ்சுக்கு எட்டு என்று பெரிதாக்கு. அமுக்கும் பாதத்துக்கு மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் கனத்த துணி தடையில்லாமல் நகரும். மடிப்பு கூடும் இடத்தில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்று, ஊசி உடையாது.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒவ்வொரு துண்டு இப்படிக் குயில்டிங் முடிந்ததும், இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அட்டையைப் போட்டுச் சேர்த்து வெட்டு. தனித்தனியாக வெட்டினால் இரண்டுமே வலக்கைக்கு ஆகிவிடும். வாயை மட்டும் விட்டுச் சுற்றிலும் அரை இஞ்ச் உள்ளே தை. கவட்டைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்து, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பு. நேராக இரண்டு தையல் குறுக்கே போட்ட பிறகு மறுபக்கம் ஏறு. அந்த வளைவில் மட்டும் இன்னொரு முறை மேலேயே தை. பிறகு தையலுக்கு வெளியே இருக்கும் டவலை ஒட்ட நறுக்கிவிடு, ஜீன்ஸை மட்டும் கால் இஞ்ச் வைத்துக்கொள். இல்லாவிட்டால் திருப்பியபின் ஓரம் கட்டை மாதிரி விரலை உறுத்தும். கவட்டையில் தையலைத் தொடாமல், நூலிழை அளவு முன்னால் நிற்கும்படி கத்தரி நுனியால் இரண்டு மூன்று வெட்டு கொடு. இந்த வெட்டைக் கொடுக்காத கையுறை திருப்பினதும் அங்கே சுருங்கி இழுத்துக்கொள்ளும், கட்டைவிரல் முழுதாகப் போகாது. திருப்ப மரக்கரண்டியின் காம்பு போதும்.

வேட்டித்துணியில் உள்ளுறையையும் அதே அட்டையை வைத்து வெட்டு, ஆனால் தையலை நூலளவு அதிகம் உள்ளே தள்ளித் தை. உள்ளுறை சற்றுச் சின்னதாக இருந்தால்தான் மடிப்பு விழாமல் உட்காரும். அதைத் திருப்பாமல் அப்படியே உள்ளே நுழை. நுழைப்பதற்கு முன், நடுவிரல் நுனியிலும் கட்டைவிரல் நுனியிலும் வெளியுறையின் உள்தையலோடு சேர்த்து நாலு கைத்தையல் போட்டுவிடு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். போடாவிட்டால் வேர்த்த கையை உருவும்போதெல்லாம் உள்ளுறையும் கூடவே வெளியே வந்துவிடும். அவசரத்தில் மறுபடி போடும்போது கட்டைவிரல் பாதியிலேயே நின்றுவிடும். சூடான தட்டின் முன் அரைகுறையாகப் போட்ட கையுறை ஆபத்தானது.

வாய்க்கு கிராஸ் பீஸ் வெட்டிப் பைப்பிங் கொடு. இரண்டு இஞ்ச் அகலம், துணியின் மூலைவாக்கில். மாட்டுவதற்கு ஒரு காதும் வேண்டும், ஆனால் அது சின்னதாக, சுண்டுவிரல் பக்கத் தையலில் இருக்கட்டும். நீளமாகத் தொங்கும் காது எதிலாவது மாட்டும்.

ஐரோப்பாவில் இவ்வகைக் கையுறைக்கு இஎன் 407 என்று ஒரு தர அளவு உண்டு. அதன் இரண்டாம் நிலையில் 250 டிகிரி சூட்டில் இருக்கும் உலோகத்தின் மேல் துணியை வைத்துப் பார்ப்பார்கள். துணியின் உள்பக்கம் 10 டிகிரி சூடேறக் குறைந்தது 15 விநாடி ஆக வேண்டும். அந்த 15ஐ நீ கவனிக்க வேண்டும். எந்தக் கையுறையும் சூட்டை நிறுத்திவிடுவதில்லை, தாமதப்படுத்துகிறது. ஆகவே ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே மேஜையில் இடம் ஒதுக்கி மணையை வைத்துவிடு. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தேடக்கூடாது. உன் கையுறையைச் சோதிக்க, வெறும் தட்டை 180 டிகிரியில் சூடாக்கி எடுத்து, மேஜைக்கு நேர் மேலே பிடித்து நிதானமாக எண்ணு. பத்துக்குள் சூடு உறைத்தால் உடனே வைத்துவிடு, அடுத்த ஜோடிக்கு ஓர் அடுக்கு கூட்டு.

இதைக் கேஸ் அடுப்புக்குக் கொண்டுபோகாதே. தீநாக்கு பட்டால் பருத்தியும் பற்றும். அடுப்பின் மேல் இருப்பதற்கு இடுக்கிதான் சரி. இட்லிக் குண்டானைத் திறக்கவும் வேண்டாம், ஆவியைக் குடித்து நனைந்த கையுறை நீ பிடித்த ஈரத்துண்டுக்குச் சமம். சிந்தியதைத் துடைக்கவும் எடுக்காதே. துவைத்தால் ஒரு வெயில் முழுதும் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். தையலோரம் உள்ளே ஈரம் பிடித்திருக்கும், வாய்க்குள் கையை விட்டு நுனிவரை தொட்டுப் பார். எண்ணெய் ஊறிப் பிசுக்கேறியதையும், விரல் நுனியில் டவல் நசுங்கி மெலிந்ததையும் தைத்து ஒப்பேற்றாமல் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டையை எடுத்துப் புதிதாக வெட்டு.

நேரே கையுறையில் இறங்கத் தயக்கமாக இருந்தால் எட்டு இஞ்சில் ஒரு சதுரம் தைத்துப் பார். அதே அடுக்கு, அதே குயில்டிங், ஓரத்தில் பைப்பிங். கனத்துணியை மிஷின் எப்படி வாங்குகிறது என்று கைக்குப் பழகிவிடும். கையுறை தைக்கும்போது அப்பாவின் கையையும் காகிதத்தில் வரைந்து வாங்கிக்கொள். எங்கண்ணனுக்கு விரல் நீளம், உன் அட்டை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கேக் தட்டை எடுப்பது இனி அவர்தான் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள்.

அன்புடன்,
அத்தை